கடிகாரத்தைத் திருப்பலாம், கதிரவனைத் திருப்ப முடியுமா?



காலை ஏழேகால் மணி. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்களும் சிறுமிகளும் சாலையோரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார்கள். தோளில் புத்தகப் பை; கையிலோ டார்ச் விளக்கு! அண்ணாந்து பார்த்தால் வானத்தில் விண்மீன்கள் இன்னும் மறையவில்லை. எதிரே வரும் வண்டிகளின் முகப்பு விளக்குகள் கண்ணைக் கூசச் செய்கின்றன.

இது கற்பனைக் கதை அல்ல. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், திங்கட்கிழமை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல ஊர்களில் நடந்தது. அன்று தலைநகர் வாஷிங்டனில் கதிரவன் உதித்த நேரம் காலை 8 மணி 27 நிமிடம். இரண்டு நாள்களுக்கு முன்பு, சனிக்கிழமையன்று, அதே வாஷிங்டனில் 7 மணி 27 நிமிடத்துக்கே விடிந்துவிட்டது.

என்ன, வியப்பாக இருக்கிறதா? இரண்டே நாளில் கதிரவன் ஒரு மணி நேரம் பிந்திவிட்டதா? இல்லை. கதிரவன் தன் வழியே சென்றுகொண்டுதான் இருந்தது. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், நாட்டின் பெரும்பகுதியில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்!

எதற்காக அப்படிச் செய்தார்கள்? அது ஏன் நிலைக்கவில்லை? இன்றும் பல நாடுகள் இதைப் பற்றி வாதாடுவது ஏன்? பார்ப்போம்.

பகல் நீள்வதும் குறுகுவதும்

பூமி தன் அச்சில் ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்தபடி கதிரவனைச் சுற்றி வருகிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இந்தச் சாய்வினால்தான் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த மாற்றம் மிகவும் குறைவு. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மாற்றம் பெருகுகிறது.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. அதனால் நாம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை.

இலண்டன் நகரமோ 51½ பாகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் மாதக் கடைசியில் காலை 8 மணிக்குப் பிறகுதான் விடியும். மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை! ஜூன் மாதத்திலோ பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். கடிகாரத்தைத் தொடாமல் விட்டால், ஜூனில் அதிகாலை 3 மணி 43 நிமிடத்துக்கே கதிரவன் எழுந்துவிடும்.

அந்த நேரத்தில் யார் விழித்திருப்பார்கள்? ஊரே உறங்கும்போது வெளிச்சம் வீணாகிறது. மாலையிலோ விளக்கேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதிகாலையில் வீணாகும் ஒரு மணி வெளிச்சத்தை மாலைக்கு மாற்ற முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் 'கோடை நேரம்' பிறந்தது. 'பகலொளி சேமிப்பு நேரம்' என்றும் இதைச் சொல்வார்கள்.

பூச்சி சேகரித்தவரும் வீடு கட்டியவரும்

நியூசிலாந்து நாட்டில் ஜார்ஜ் ஹட்சன் என்பவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்து வந்தார். வேலை முடிந்ததும் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்வது அவருக்குப் பெருவிருப்பம். அதற்கு மாலை வெளிச்சம் வேண்டுமே! கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே வைக்கலாம் என்று 1895-இல் அவர் ஓர் அறிவியல் கழகத்தில் கட்டுரை படித்தார். அப்போது யாரும் அதை ஏற்கவில்லை.

இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1907-இல் இதே கருத்தைச் சிறு நூலாக அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார். ஏப்ரல் மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் வீதம் முள்ளை முன்னே நகர்த்த வேண்டும் என்பது அவர் திட்டம். 1915-இல் அவர் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நிலக்கரியைச் சிக்கனப்படுத்த வேண்டிய கட்டாயம். 1916 ஏப்ரல் 30-இல் ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தது. மூன்று வாரத்தில் பிரிட்டனும் பின்பற்றியது. 1918-இல் அமெரிக்காவும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை நமது இந்தியாவிலும் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே ஓடின.

இன்று ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே வைக்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி பின்னே வைக்கிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் மார்ச்சிலும் நவம்பரிலும் இப்படி மாற்றுகிறார்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தொல்லை எதற்கு? ஒரேயடியாகக் கோடை நேரத்திலேயே நின்றுவிட்டால் என்ன? இப்படிக் கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. மாற்றுவதை நிறுத்தலாமா என்பது ஒன்று. நிறுத்தினால் எந்த நேரத்தில் நிறுத்துவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பலரும் "நிறுத்தலாம்" என்கிறார்கள். இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல்.

சிறிய போர்வை

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் இலண்டனில் கதிரவன் 8.04 மணிக்கு எழுந்து, மாலை 3.53 மணிக்கு மறைகிறது. குளிர்காலத்திலும் கோடை நேரமே இருந்தால் என்ன ஆகும்? எழுவது 9.04, மறைவது 4.53. பகலின் நீளம் கூடியதா? ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. மாலையில் கிடைத்த ஒரு மணி வெளிச்சம் காலையிலிருந்து எடுத்ததே.

குட்டையான போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும் அல்லவா? கோடையில் போர்வை நீளமானது. மேலே இழுத்தாலும் காலை மூடும். குளிர்காலத்தில் போர்வையே குட்டை. அப்போது தலையா காலா என்று முடிவு செய்தாக வேண்டும். கோடை நேரம் கோடையில் உதவுவதும், குளிர்காலத்தில் தொல்லை தருவதும் இதனால்தான்.

அமெரிக்காவில் நடந்த சோதனை

இனி 1974-க்குத் திரும்புவோம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எரிபொருளுக்குப் பெரும் தட்டுப்பாடு. மாலையில் விளக்கெரிவது குறைந்தால் எண்ணெய் மிஞ்சும் என்று கருதி, குடியரசுத் தலைவர் நிக்சன் டிசம்பரில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 1974 ஜனவரி 6 முதல் 1975 ஏப்ரல் வரை, குளிர்காலத்திலும் கோடை நேரமே நீடிக்கும் என்றது அந்தச் சட்டம்.

முதலில் மக்கள் இதை வரவேற்றார்கள். 1973 டிசம்பரில் நூற்றுக்கு 79 பேர் ஆதரித்ததாக ஒரு கருத்துக் கணிப்பு கூறியது. பிறகு ஜனவரி வந்தது. டெட்ராய்ட் நகரில் காலை 9 மணிக்குத்தான் விடிந்தது. புளோரிடா மாநிலத்தில் இருட்டில் பள்ளிக்குப் போன சில குழந்தைகள் வண்டி மோதி இறந்தார்கள். நாடெங்கும் பெற்றோர்கள் பதறினார்கள். பல ஊர்களில் பள்ளி தொடங்கும் நேரத்தையே தள்ளி வைத்தார்கள். இது எப்படி இருக்கிறது, பாருங்கள்! கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டு, பள்ளி மணியை ஒரு மணி பின்னே தள்ளினால் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம் அல்லவா?

பிப்ரவரியில் ஆதரவு நூற்றுக்கு 42 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், புதிய குடியரசுத் தலைவர் போர்டு சட்டத்தைத் திருத்தினார். குளிர்காலத்துக்குப் பழைய நேரமே திரும்பியது. பதினாறு மாதச் சோதனை பத்தாவது மாதத்தில் முடிந்தது.

எரிபொருளாவது மிஞ்சியதா? வசந்த மாதங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மின்சாரம் மிச்சமாகியிருக்கலாம் என்று போக்குவரத்துத் துறை கணக்கிட்டது. அதே விவரங்களை மறுபடி ஆராய்ந்த தேசிய அளவீட்டு நிறுவனமோ, 1976-இல், குறிப்பிடத்தக்க சேமிப்பு எதையும் காணவில்லை என்று கூறியது. மாலையில் அணைத்த விளக்கைக் காலையில் ஏற்றவேண்டியிருந்தது!

மற்ற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவுக்கு முன்பே பிரிட்டன் இதைச் செய்து பார்த்தது. 1968-இல் முன்னே வைத்த கடிகாரத்தை 1971 அக்டோபர் வரை திருப்பவில்லை. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் குளிர்காலத்தில் காலை 10 மணி சுமாருக்குத்தான் விடிந்தது. விவசாயிகள், பால்காரர்கள், கட்டட வேலை செய்பவர்கள் எல்லாரும் முறையிட்டார்கள். 1970 டிசம்பரில் நாடாளுமன்றம் பெரும்பான்மை வாக்குகளால் சோதனையை முடித்து வைத்தது.

ரஷ்யா 2011-இல் நிரந்தரக் கோடை நேரத்துக்கு மாறியது. மாஸ்கோவில் டிசம்பர் மாதக் காலைகள் 10 மணி வரை இருண்டிருந்தன. 2014 அக்டோபரில் ஒரு மணி பின்னே வைத்து, அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். கவனியுங்கள்: கடிகாரத்தை மாற்றுவதை ரஷ்யா 2011-இலேயே நிறுத்திவிட்டது. பிறகு திருத்த நேர்ந்தது, எந்த நேரத்தில் நிறுத்துவது என்ற முடிவைத்தான்.

நமக்கு அண்டை நாடான இலங்கையின் கதை இன்னும் சுவையானது. 1996-இல் கடும் வறட்சி. அணைகளில் நீர் இல்லாததால் மின்சாரத் தட்டுப்பாடு. மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்தார்கள். அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை, ஏறத்தாழ பத்தாண்டுகள், அப்படியே இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஒரே தீவில் இரண்டு நேரங்கள்! பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருக்கிறது என்ற குறை அங்கேயும் எழுந்தது. 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இலங்கை பழைய நேரத்துக்கே திரும்பியது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

விடிவதற்கு முன் எழுந்தால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை நம் உடலுக்குள் இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சிறிய நரம்பணுத் தொகுதி ஒன்று உண்டு. உறக்கம், உடல் வெப்பம், பசி ஆகியவற்றுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் தலைமைக் கடிகாரம் அதுதான். இத்தகைய உயிர்க் கடிகாரங்கள் அணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகின்றன என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு (ஹால், ராஸ்பாஷ், யங்) 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரம் பெரும்பாலோரிடம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுகிறது. அதனால் நாள்தோறும் அதைச் சரிசெய்தாக வேண்டும். சரிசெய்வது எது தெரியுமா? காலை வெளிச்சம்! விடியற்கால ஒளி கண்ணில் பட்டதும் உடல் கடிகாரம் முன்னே வருகிறது. மாலையிலும் இரவிலும் படும் ஒளி அதைப் பின்னே தள்ளுகிறது.

இப்போது நிரந்தரக் கோடை நேரத்தை நினைத்துப் பாருங்கள். சுவர்க் கடிகாரம் "எழுந்திரு" என்கிறது. உடல் கடிகாரமோ "இன்னும் இரவுதான்" என்கிறது. சரிசெய்யும் காலை ஒளி குறைகிறது. தாமதப்படுத்தும் மாலை ஒளி கூடுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுக்குப் பிறகு இந்த உடல் கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. இரவு உறக்கம் வரத் தாமதம், காலையில் எழுவது கடினம். ஆகவே உங்கள் வயதினரைத்தான் இது மிகுதியாகப் பாதிக்கும்.

ஆண்டுக்கு இருமுறை மாற்றுவதும் நல்லதல்ல. மார்ச் மாதத்தில் முள்ளை முன்னே வைத்த சில நாள்களில் மாரடைப்பு சற்றே கூடுவதாக, சுவீடன் நாட்டு விவரங்களை ஆராய்ந்தவர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். இவற்றையெல்லாம் சீர்தூக்கிய அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், மாற்றுவதை நிறுத்த வேண்டும், ஆனால் கோடை நேரத்தில் அல்ல, வழக்கமான நேரத்திலேயே நிறுத்த வேண்டும் என்று 2020-இல் பரிந்துரை செய்தது.

மறுபக்கத்தையும் கேட்போம்

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது. மாலை வெளிச்சத்தால் நன்மையும் உண்டு. பள்ளி விட்டு வந்து விளையாட நேரம் கிடைக்கிறது. கடைகளில் வியாபாரம் நடக்கிறது. சாலை விபத்துக்களைப் பற்றி ஒரு முக்கியமான செய்தியும் உண்டு.

பிரிட்டன் சோதனையின்போது காலை விபத்துக்கள் கூடின. ஆனால் மாலை விபத்துக்கள் அதைவிட மிகுதியாகக் குறைந்தன. மொத்தத்தில் இலாபமே என்று கணக்கிட்டவர்கள் கூறினார்கள். காலையில் அடிபட்ட குழந்தையின் பெயர் பத்திரிகையில் வருகிறது. மாலையில் அடிபடாமல் தப்பிய குழந்தை யாரென்று அந்தக் குழந்தைக்கே தெரியாது!

அப்படியானால் கோடை நேரம்தான் உயிர்களைக் காத்ததா? பொறுங்கள். மது அருந்தி வண்டி ஓட்டுவோரை மூச்சுச் சோதனையால் பிடிக்கும் முறை பிரிட்டனில் 1967 அக்டோபரில்தான் வந்தது. அதனாலும் விபத்துக்கள் குறைந்திருக்கும். எது எவ்வளவு குறைத்தது? இரண்டு காரணங்கள் ஒரே காலத்தில் வந்தால் பிரித்தறிவது எளிதல்ல. ஒரு விளைவைக் கண்டதும் அதற்கு ஒரே காரணம்தான் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

முடிவு எட்டாதது ஏன்?

2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் மக்களின் கருத்தைக் கேட்டது. 46 இலட்சம் பேர் விடை அனுப்பினார்கள். நூற்றுக்கு 84 பேர் மாற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். 2021-இல் நிறுத்தலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது. ஆனால் எந்த நேரத்தில் நிற்பது என்ற கேள்வி எழுந்ததும், உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. 2021-இல் அது நடைமுறைக்கு வரவில்லை.

அமெரிக்க செனட் சபை 2022 மார்ச்சில் நிரந்தரக் கோடை நேரத்துக்கான மசோதாவை எதிர்ப்பின்றி ஏற்றது. மற்றொரு சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அதே ஆண்டு மெக்சிகோ நாட்டின் பெரும்பகுதி கடிகார மாற்றத்தைக் கைவிட்டது. அது தேர்ந்தெடுத்தது வழக்கமான நேரத்தை.

நடைமுறையில் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. நிரந்தரக் கோடை நேரத்தை மக்கள் பெரும்பாலும் மாலையை நினைத்து ஆதரிக்கிறார்கள்; ஜனவரி மாதக் காலையில் எதிர்க்கத் தொடங்குகிறார்கள். தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள், இருட்டில் முதலில் தெருவில் நிற்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

நீங்களே செய்து பாருங்கள்

கடிகாரத்தின் 12 மணியும் கதிரவனின் நண்பகலும் ஒன்றா? வெயில் படும் சமதரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். காலை பதினொன்றரை மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்து வாருங்கள். நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான நண்பகல்.

இந்தியத் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு அமைந்தது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஆகவே சென்னையில் சராசரியாக 12.09 மணிக்கும், மதுரையில் 12.18 மணிக்கும், கோவையில் 12.22 மணிக்கும் நண்பகல் வரும். மாதத்துக்கு ஏற்ப இது கால் மணி வரை முன்பின் ஆகும். மாதம் ஒருமுறை குறித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த நிழல் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாது. நம் வசதிக்காகக் கடிகாரத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் வைக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும்: குளிர்காலக் காலையில், அந்த நேரத்துக்கு, தெருவில் நடந்து போகப்போவது யார்?